விரைவை ஆள்வது எது? லினக்ஸ் கருநிரலும் அதிர்வெண் இயக்கிகளும்

கணினி வாங்கச் செல்லும்போது நாம் கேட்டறியும் விவரங்களுள் அதன் விரைவும் ஒன்று. பெட்டியின்மேல் ‘3 கிகாஹெர்ட்ஸ்’ என்று அச்சிடப்பட்டிருந்தால், அக்கணினி எந்நேரமும் அவ்விரைவிலேயே இயங்கும் என்று கருதிவிடுகிறோம். அவ்வாறு இயங்கும் கணினி இன்று அரிது. திரையில் ஒரு பக்கத்தை நாம் படித்துக்கொண்டிருக்கும்போது நுண்செயலி மெதுவாக இயங்குகிறது. அடுத்த பக்கத்தைத் திறந்தவுடன் விரைகிறது. திறந்து முடிந்ததும் மீண்டும் தணிகிறது. ஒரு நொடிக்குள்ளேயே இம்மாற்றம் பன்முறை நிகழக்கூடும்.

விரைவை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வது எது? அம்முடிவை நிறைவேற்றுவது எது? இவ்விரு வினாக்களுக்கும் லினக்ஸ் கருநிரல் தந்துள்ள விடையினை இக்கட்டுரையில் காண்போம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு திறன்பேசிகளின் அடித்தளமாக உள்ளது. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறுவன யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. எனினும் நாம் அதனைத் தெரிந்தெடுப்பதற்கு முதற்காரணம் வேறு. அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஒரு பொறி எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, படித்தே அறியலாம்.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு

‘செயலி’ என்னும் சொல் இப்போது திறன்பேசியில் நாம் பதிவிறக்கும் மென்பொருளைக் குறிப்பதற்கே பெரிதும் வழங்குகிறது. ஆகவே கணிப்பினைச் செய்யும் சில்லினை இங்கு ‘நுண்செயலி’ என்கிறோம். இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல் ‘கருநிரல்’ எனப்படும். ஒரு குறிப்பிட்ட வன்பொருளோடு அதன் மொழியிலேயே பேசும் நிரற்பகுதி ‘இயக்கி’ எனப்படும். நுண்செயலியின் உட்கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதே அதன் ‘அதிர்வெண்’. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள்.

‘கவர்னர்’ என்பது சற்று ஆழ்ந்து நோக்க வேண்டிய சொல். மாநில ஆளுநரை நினைத்து இதனை மொழிபெயர்த்தால் பொருள் பிழைபடும். நீராவிப் பொறியின் வேகத்தை வரம்புக்குள் நிறுத்துவதற்காக ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய சுழலும் குண்டுக் கருவிக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். கணினித் துறையில் இச்சொல்லின் பொருளும் அதனை ஒட்டியதே. எனவே நாம் அதனை ‘நெறிப்படுத்தி’ என்று வழங்குவோம்.

விரைவைக் குறைப்பதால் என்ன பயன்?

நுண்செயலியில் உள்ள டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்சாரம் செலவாகிறது. இவ்வகையில் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். இந்த ஒரு தொடர்பினை மாணவர் நன்கு உணர்ந்துகொண்டால் மற்றவை எளிதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நுண்செயலி 1.2 வோல்ட் மின்னழுத்தத்தில் 2 கிகாஹெர்ட்ஸ் விரைவில் இயங்குவதாகக் கொள்வோம். மின்னழுத்தத்தை மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் 1 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் மின்திறன் பாதியாகும். ஆனால் அதே வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும். பாதித் திறனை இருமடங்கு நேரத்தால் பெருக்கினால், செலவான மொத்த ஆற்றல் முன்போலவே நிற்கும். வெப்பம் குறைந்ததே ஒழிய, மின்கலத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

மெதுவாக இயங்கும் நுண்செயலிக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதில்தான் உண்மையான பயன் இருக்கிறது. அதிர்வெண்ணோடு மின்னழுத்தத்தையும் 0.9 வோல்ட்டாகக் குறைப்போம். மின்னழுத்தம் முக்காற்பங்காயிற்று, அதன் வர்க்கம் 0.5625. இப்போது அவ்வேலைக்குச் செலவாகும் ஆற்றல் முன்னதில் ஏறத்தாழ 56 விழுக்காடு மட்டுமே.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. டிரான்சிஸ்டர்கள் நிலை மாறாமல் இருக்கும்போதும் அவற்றின் வழியே சிறிது மின்னோட்டம் கசிகிறது. வேலை நீண்டால் கசிவும் நீளும். ஆகவே சில சூழல்களில் விரைந்து முடித்துவிட்டு ஆழ்ந்த ஓய்வு நிலைக்குச் செல்வதே சிக்கனமாகும். எது சிறந்தது என்பது சில்லின் அமைப்பையும் வேலையின் தன்மையையும் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. இதனால்தான் இம்முடிவினை எடுப்பதற்கென்றே ஒரு தனி அமைப்பு தேவைப்படுகிறது.

இத்தேவை எப்போது கடுமையாயிற்று?

1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியோரும், டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் ஒரு பரப்பில் செலவாகும் மின்திறன் கூடாது என்று காட்டினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கணினித் துறை இதன் பயனைத் துய்த்தது. 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் கசிவு மின்னோட்டத்தின் காரணமாக மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாமற்போயிற்று. 2004இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 நுண்செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. அதன்பின் ஒரே சில்லில் பல கோர்களை அமைக்கும் வழியில் துறை திரும்பியது.

இது தொலைதூர வரலாறு மட்டுமன்று. சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் தரவு மையங்களின் பங்கு 2020இல் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்தது. 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களுக்கு அங்கு இடைநிறுத்தமும் இருந்தது. இத்தகைய மையங்களில் நுண்செயலி செலவிடும் ஆற்றல் யாவும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம் வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் தணியாத நம் நிலப்பகுதியில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிவும் செயலும் பிரிந்த அமைப்பு

2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் ‘சிபியூஃப்ரீக்’ என்னும் துணைத்தொகுதி இடம்பெற்றிருந்தது. அதன் அமைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. எவ்வளவு விரைவு வேண்டும் என்று முடிவு செய்வது நெறிப்படுத்தி. அம்முடிவைக் குறிப்பிட்ட சில்லில் நிறைவேற்றுவது இயக்கி. இரண்டுக்கும் நடுவே நின்று, பயனர் விதித்த மேல்வரம்பும் கீழ்வரம்பும் மீறப்படாமல் காப்பது மையப்பகுதி.

மருத்துவர் நோயறிந்து மருந்துச் சீட்டு எழுதுகிறார். மருந்தாளுநர் அம்மருந்து எந்த அடுக்கில் உள்ளது, எவ்வாறு அளந்து தர வேண்டும் என்பதை அறிவார். மருத்துவருக்கு அடுக்கினைப் பற்றிக் கவலை இல்லை. மருந்தாளுநர் நோயைப் பற்றி முடிவு செய்வதில்லை. நெறிப்படுத்திக்கும் இயக்கிக்கும் உள்ள உறவும் ஏறத்தாழ இத்தகையதே.

இப்பிரிவின் பயன் பெரிது. புதிய சில்லொன்று சந்தைக்கு வந்தால் அதற்கான இயக்கியை மட்டும் எழுதினாற் போதும். முன்னரே உள்ள நெறிப்படுத்திகள் எல்லாம் அதனோடு இயங்கும். அதுபோலவே சிறந்த நெறிப்படுத்தி ஒன்றை ஒருவர் எழுதினால், ஏற்கெனவே உள்ள எண்ணற்ற சில்லுகள் அதன் பயனைப் பெறும்.

இயக்கி செய்யும் வேலை

இயக்கி முதலில் தன் சில்லு எந்தெந்த அதிர்வெண்களில் இயங்க வல்லது என்னும் பட்டியலை மையப்பகுதிக்குத் தருகிறது. மேசைக் கணினிகளில் இப்பட்டியலைக் கணினியின் நிலைபொருள் வழங்குகிறது; அதனைப் படித்துச் செயற்படுவது ‘ஏசிபிஐ’ இயக்கி. திறன்பேசிகளிலும் சிறு கணிப்பலகைகளிலும் அதிர்வெண்ணும் அதற்குரிய மின்னழுத்தமும் இணை இணையாக ஓர் அட்டவணையில் எழுதிவைக்கப்பட்டிருக்கும்.

அடுத்து, மாற்றத்தை ஒழுங்கான வரிசையில் செய்ய வேண்டும். விரைவைக் கூட்டும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, அது நிலைபெற்ற பின்னரே அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும். குறைக்கும்போது முதலில் அதிர்வெண்ணைத் தாழ்த்தி, அதன்பின் மின்னழுத்தத்தைத் தாழ்த்த வேண்டும். இவ்வரிசை தவறினால், போதிய மின்னழுத்தம் இல்லாமல் உயர்விரைவில் இயங்கும் ஒரு கணம் நேரும். அக்கணத்தில் கணக்குப் பிழைபடலாம், கணினியே நின்றுபோகலாம்.

மூன்றாவதாக, ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை இயக்கி அறிவிக்கிறது. மாற்றுவதற்கே நெடுநேரம் ஆகுமானால் அடிக்கடி மாற்றுவது வீண். நான்காவதாக, எந்தெந்தக் கோர்கள் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் அது தெரிவிக்கிறது. அவ்வாறு பகிரும் நான்கு கோர்களுள் ஒன்றுக்கு மட்டும் உயர்விரைவு தேவைப்பட்டாலும் நான்கும் சேர்ந்தே உயரும்.

நெறிப்படுத்திகளின் வகைகள்

லினக்ஸ் பல நெறிப்படுத்திகளைத் தருகிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ எப்போதும் மேல்வரம்பிலேயே நிறுத்துகிறது. ‘பவர்சேவ்’ எப்போதும் கீழ்வரம்பிலேயே நிறுத்துகிறது. ‘யூசர்ஸ்பேஸ்’ முடிவினைப் பயனரிடமே விட்டுவிடுகிறது. இம்மூன்றும் பணிச்சுமையைப் பார்ப்பதில்லை.

சுமையைப் பார்த்து முடிவெடுப்பவை பிற. 2004இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்த ‘ஆன்டிமாண்ட்’, நுண்செயலி எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைக் குறித்த இடைவெளிகளில் அளக்கிறது. சுமை வைத்த வரம்பைத் தாண்டினால் நேரே உச்ச விரைவுக்குச் செல்கிறது. 2005இல் வந்த ‘கன்சர்வேட்டிவ்’ படிப்படியாக ஏறி இறங்குகிறது.

2016இல் 4.7 பதிப்பில் அறிமுகமான ‘ஷெட்யூட்டில்’ அணுகுமுறையையே மாற்றிற்று. எந்த வேலை எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பணி ஒதுக்கி கருநிரலில் முன்பே உள்ளது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கணிப்பு நேரத்தைக் கோருகிறது என்னும் கணக்கு அதனிடம் இருக்கிறது. வெளியிலிருந்து தனியே அளப்பதைவிட அக்கணக்கினையே பயன்படுத்துவது இயல்பன்றோ? ஷெட்யூட்டில் அதனையே செய்கிறது. உச்ச அதிர்வெண்ணைச் சுமையின் விகிதத்தால் பெருக்கி, அதனை மேலும் 1.25ஆல் பெருக்குகிறது. உச்ச விரைவு 2.4 கிகாஹெர்ட்ஸ், சுமை 40 விழுக்காடு எனில், 2.4 × 0.4 × 1.25 = 1.2 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.

ஏன் 1.25? தேவைக்குச் சரியாக மட்டும் விரைவு தந்தால் நுண்செயலி எந்நேரமும் முழுச் சுமையில் இருக்கும். முழுச் சுமையில் இருக்கும்போது இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது கணக்கில் தெரியாது. ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டுவைத்தால், தேவை வளர்வதைக் காண முடியும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாமல் பால் காய்ச்சுவது போன்ற முன்னெச்சரிக்கை இது.

முடிவு சில்லுக்குள் செல்லும்போது

இதுவரை கூறியதில் கருநிரலே முடிவெடுத்தது, சில்லு கீழ்ப்படிந்தது. எல்லாச் சில்லுகளும் அவ்வாறு கீழ்ப்படிவன அல்ல. டோர்வால்ட்ஸ் 1997 முதல் 2003 வரை பணிபுரிந்த டிரான்ஸ்மெட்டா என்னும் அமெரிக்க நிறுவனம், 2000இல் ‘குருசோ’ என்னும் நுண்செயலியை அறிவித்தது. அதன் ‘லாங்ரன்’ நுட்பம் தனக்குத் தரப்பட்ட வரம்புகளுக்குள் விரைவினைத் தானே தெரிந்தெடுத்தது. அதற்கான லினக்ஸ் இயக்கி ‘இந்த விரைவில் ஓடு’ என்று ஆணையிடவில்லை. ‘இதற்கும் இதற்கும் இடையில் ஓடு’ என்று எல்லையை மட்டும் கூறியது. இவ்விருவகை இயக்கிகளுக்கும் சிபியூஃப்ரீக்கில் தனித்தனி வாயில்கள் உள்ளன.

பின்னர் இவ்வழி பொதுவழியாயிற்று. 2013இல் 3.9 பதிப்பில் ‘இன்டெல் பிஸ்டேட்’ இயக்கி சேர்ந்தது. அது பொது நெறிப்படுத்திகளை விடுத்துத் தன் சொந்தக் கணிப்பு முறையைக் கொண்டுவந்தது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் நுண்செயலிகள் விரைவை வன்பொருளிலேயே முடிவு செய்யத் தொடங்கின. 2022இல் 5.17 பதிப்பில் ஏஎம்டி நுண்செயலிகளுக்கான ‘ஏஎம்டி பிஸ்டேட்’ இயக்கியும் வந்தது. இன்டெல் சில்லுகளில் கருநிரல் தன் விருப்பத்தை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகக் கூறுகிறது. 0 என்றால் விரைவுக்கே முதலிடம். 255 என்றால் சிக்கனத்துக்கே முதலிடம். மற்றவற்றைச் சில்லு பார்த்துக்கொள்கிறது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் வெப்பநிலை, மின்னோட்டம், பிற கோர்களின் நிலை ஆகியவற்றைச் சில்லு உடனுக்குடன் அறியும். கருநிரல் அவற்றை அவ்வளவு விரைவாக அறிய இயலாது. மறுபுறம், ஓடும் வேலைகளுள் பயனர் காத்திருக்கும் வேலை எது, பின்னணியில் மெதுவாக நடந்தாற் போதும் என்னும் வேலை எது என்பதைச் சில்லு அறியாது. ஆகவே இருவருக்கும் பங்குண்டு. ஆயினும் ஒன்றை நாம் மனங்கொள்ள வேண்டும். கருநிரலின் முடிவை மாணவர் மூலநிரலில் படித்தறியலாம். சில்லுக்குள் எடுக்கப்படும் முடிவை அவ்வாறு படிக்க இயலாது. முடிவு உள்ளே நகரும்தோறும் திறந்த மூலத்தின் எல்லையும் சுருங்குகிறது.

ஒரே பெயர், இரு பொருள்

மொழியில் ஈடுபாடுடையோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘பவர்சேவ்’ என்னும் பொது நெறிப்படுத்தி நுண்செயலியைக் கீழ்வரம்பில் கட்டிவைக்கும் என்று கண்டோம். இன்டெல் பிஸ்டேட் இயக்கி தன்னியல்பாக இயங்கும்போது அதற்குள்ளும் ‘பவர்சேவ்’ என்னும் பெயருடைய ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் அது விரைவைக் கட்டிவைப்பதில்லை. சுமைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் இயக்குகிறது. பெயர் ஒன்று, செயல் வேறு.

இதன் விளைவு கைக்கு எட்டிய ஒன்று. தன் மடிக்கணினியில் ‘பவர்சேவ்’ என்றிருப்பதைக் காணும் மாணவர், கணினி முழுவிரைவில் இயங்காமல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி ‘பெர்ஃபார்மன்ஸ்’ என மாற்றக்கூடும். பெறும் விரைவு சிறிதாகவும், மின்கலச் செலவும் வெப்பமும் கூடுதலாகவும் அமையலாம். நேர்மாறாக, சிறு கணிப்பலகையில் ‘பவர்சேவ்’ தேர்ந்தவர், அது ஏன் இவ்வளவு மந்தமாயிற்று என்று வியப்பார்.

இவ்விரண்டையும் தமிழில் ‘மின்சேமிப்பு’ என்றே எழுதினால் அக்குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தவராவோம். செயலை நோக்கிப் பெயரிட்டால், முன்னது ‘தாழ்விரைவு நிலை’ என்றும் பின்னது ‘சுமைக்கேற்ற சிக்கன நிலை’ என்றும் அமையும். கலைச்சொல்லாக்கத்தில் மூலச்சொல்லின் பொருளை மட்டும் பாராமல் பொருளின் இயக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு தெளிவான சான்று.

வகுப்பறையில் செய்து பார்க்க

இவற்றையெல்லாம் மாணவர் தம் கண்ணாலேயே காணலாம். 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணிப்பலகை அக்காலத்தில் 600 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குமாறு அமைக்கப்பட்டது. லினக்ஸில் நுண்செயலியின் நடப்பு அதிர்வெண் ஒரு கோப்பினைப் போல் படிக்கத்தக்கதாக வைக்கப்பட்டுள்ளது; அலகு கிலோஹெர்ட்ஸ். பலகை சும்மா இருக்கும்போது படித்தால் 600000 என்னும் எண்ணைக் காணலாம். பகா எண்களைத் தேடும் சிறு நிரல் ஒன்றை ஓடவிட்டால் அது 1500000 ஆக உயரும்.

அடுத்து, அதே நிரலைப் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘பவர்சேவ்’, ‘ஆன்டிமாண்ட்’ ஆகிய மூன்றிலும் ஓட்டி நேரத்தைக் குறிக்கலாம். மின்செருகியில் பொருத்தும் அளவி இருந்தால் மின்திறனையும் குறித்து, நேரத்தால் பெருக்கி ஆற்றலைக் கணக்கிடலாம். நுண்செயலியைத் தவிரப் பலகையின் பிற பகுதிகளும் மின்சாரத்தைச் செலவிடுகின்றன என்பதால், தாழ்விரைவே சிக்கனம் என்னும் எதிர்பார்ப்பு சில வேளைகளில் பொய்க்கும். அவ்வாறு பொய்த்தால் ஏன் என்று மாணவரையே விளக்கச் சொல்லலாம். காற்றோட்டமற்ற பெட்டியில் பலகையை வைத்து ஓட்டினால், வெப்பநிலை 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, எந்த நெறிப்படுத்தி இருந்தாலும் நிலைபொருள் விரைவைக் குறைப்பதையும் காணலாம்.

இச்சோதனையின் முடிவில் மாணவர் விடை எழுத வேண்டிய வினா ஒன்றே: இப்போது விரைவைக் குறைத்தது நெறிப்படுத்தியா, இயக்கியா, நிலைபொருளா? மூன்றையும் பிரித்துக் கூற வல்ல மாணவர், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை இனி வேறு கண்ணோடு படிப்பார்.